தையல் அக்கா பூட்டிய தண்ணிப் பம்பு

குருநகரில் தையல் அக்காவோடு வாதாடி வென்றவர்கள் எவரும் உயிரோடு இல்லை. செத்தவர்களிலும் அப்படி ஒருவர் இருந்ததாகத் தெரியவில்லை.

நான் அவர் வீட்டுக்குப் பக்கத்து அறையில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தேன். எனக்கு அவர் தைத்த முதல் முழுக்கைச் சேட்டின் கை, முழங்கைக்கு மேலேயே நின்றுவிட்டது. கொண்டுபோய்க் காட்டினேன்.

"சேட்டிலை பிழை இல்லைத் தம்பி. உங்கடை கை நீளம்" என்றார்.

தேவாலயத்துப் பங்குச் சுவாமி ஒருநாள் அங்கி இறுக்குது என்று வந்தார். "அங்கி சுருங்கேல்லைச் சுவாமி, பெருநாள் சாப்பாடு கூடிப்போச்சு" என்று அனுப்பிவிட்டார். சுவாமியும் தலையாட்டிக்கொண்டு போனார்.

அக்காவின் கணவரிடம் உள்ளே எஞ்சின் பொருத்திய மூன்றரைத் தொன் படகு ஒன்று இருந்தது. அவர் மோட்டார் சைக்கிளில் விழுந்து இடுப்பு முறிந்து படுத்த பிறகு, உறவுக்காரர் இருவர் அதைக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். ஒருநாள் நடுக்கடலில் எஞ்சின் கொதித்துப் புகைந்தது. வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. கடல் தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிரவைக்கும் பம்பு தேய்ந்து ஒழுகிப்போயிருந்தது. அந்த மாதிரிப் பம்பு இப்போது வருவதில்லை, எஞ்சினையே மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார்.

கணவரின் தமையன் உடனே வந்து முற்றத்தில் நின்றார்.

"வித்துப்போடுவம் பிள்ளை. ஞாயிறு பூசை முடிய ஆள் பாக்க வருது."

"ஆரைக் கேட்டு அத்தான்? என்ரை மனுசன் படுத்துத்தான் கிடக்கிறார், சாகேல்லை."

அடுத்த நாள் காலை அக்கா நட்டுக் கழற்றும் சாவிக்கட்டோடு படகில் ஏறினார். கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் கத்தினார்: "பொம்பிளை ஏறினா மீன் படாது!"

"கரையிலை கட்டிக் கிடக்கிற போட்டிலை இப்ப மீன் துள்ளுதோ?"

மத்தியானத்துக்குள் பம்பு கழன்றது. அதைப் பழைய சீலைத் துண்டில் சுற்றி, வல்வெட்டித்துறைக்குப் போக என்னையும் கூப்பிட்டார். துணைக்கு என்று நினைத்துப் போனேன். அந்த இரும்பை என் மடியில் வைத்தபோதுதான் காரணம் விளங்கியது.

அங்கே பழைய படகுச் சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தே கதைத்தார்.

"அண்ணை, உது பொம்பிளையளுக்கு விளங்காது. நீங்கள் சொல்லுங்கோ."

எனக்கு எஞ்சினில் எது முன், எது பின் என்றே தெரியாது. அக்கா கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவினார். ஆணித் துளைகளின் இடைவெளி, குழாய் வாயின் அகலம், பெல்ட் ஓடும் சில்லின் சுற்று எல்லாவற்றையும் அளந்தார். பிறகு கடைக்குள்ளே போய்க் குவியலைக் கிளறினார். கடைக்காரர் "அதிலை இல்லை, அதிலை இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அச்சொட்டான பம்பு ஒன்றை இழுத்தெடுத்தார்.

"இது என்ன, பூந்தொட்டியோ?"

பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையில் வைக்கும் தடித்த தாளை அக்காவே தையல் கத்தரிக்கோலால் வெட்டினார். "சட்டைக் கழுத்து வெட்டிற கைக்கு உது ஒரு வேலையோ?" பம்பைப் படகில் பொருத்திப் பூட்டியதும் அவர்தான்.

ஞாயிறு பூசை முடிந்தது. வாங்க வந்தவர், தமையன், பாதிக் குருநகர், எல்லாரும் இறங்குதுறையில். அக்கா எஞ்சினை இயக்கினார். அது உறுமியது. ஆனால் தண்ணீர் வெளியே பாய வேண்டிய குழாயில் ஒரு சொட்டும் இல்லை.

தமையன் பூசை வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்து குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். "நான் சொன்னனான் எல்லே! தையல் மெசின் எண்டு நினைச்சிட்டாள்."

ஊர் சிரித்தது. அக்காவின் முகம் ஒரு கணம் வெளிறியதை நான் கண்டேன். எஞ்சினை நிறுத்திவிட்டு உள்ளே குனிந்தார். கடல் தண்ணீர் வரும் வால்வு மூடியபடியே இருந்தது. பம்பைக் கழற்றும்போது மூடியது அவர்தான்.

"சிரிக்கிறவை கொஞ்சம் பொறுங்கோ!" என்று கத்தி, வால்வைத் திறந்து, மறுபடி இயக்கினார். முதலில் குழாய் இருமியது. பிறகு கறுத்த தண்ணீர் பீறிட்டுத் தமையனைத் தலை முதல் வேட்டி வரை நனைத்தது.

வாங்க வந்தவருக்கு ஆசை கூடிவிட்டது. "எஞ்சின் நல்லாத்தானே ஓடுது! கேட்டதிலும் கூடத் தாறன்."

"இந்தப் போட்டு விக்கிறதுக்கில்லை. தைக்கிறதுக்கு உடுப்பு இருந்தாக் கொண்டு வாங்கோ."

திங்கட்கிழமை படகு கடலுக்குப் போனது. அது மறையும்வரை அக்கா முழங்கால் தண்ணீரில் நின்றார். தோள் குலுங்குவதைக் கண்டு கிட்டப் போனேன்.

"என்னக்கா?"

"கண்ணுக்குள்ளை உப்புத்தண்ணி தெறிச்சிட்டுது. போய் உங்கடை வேலையைப் பாருங்கோ."

கடல் அன்று கண்ணாடிபோல் அசையாமல் கிடந்தது.

இதை நான் எவரிடமும் சொன்னதில்லை. இப்போது கொக்குவிலில் இருந்துகொண்டு எழுதிவிட்டேன். வாசித்ததும் அக்கா தொலைபேசியில் ஏசுவார். ஏசட்டும். அந்தக் குரலைக் கேட்டுக் கனநாளாகிறது.