சுவருக்கு வைத்தியம்

பிளீச்சிங் பவுடரை பக்கெட்டில் கரைத்து வைத்தாகிவிட்டது. அதைச் சுவருக்கு எப்படிக் கொடுப்பது என்பதுதான் வீராசாமிக்குப் பிடிபடவில்லை.

தெருப்பக்கத்துச் சுவர் பாசி பிடித்துக் கன்னங்கரேலென்று கிடந்தது. மறுநாள் காலை மகள் கல்பனாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையன் தினேஷ்குமார் அவளோடு ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பவன். அவளே பிடித்திருக்கிறது என்று சொன்ன பையன். காஞ்சிபுரத்தில் மாடி வீடாம். கல்பனா அப்பாவிடம் எதையும் கேட்கவில்லை. கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். அதைத்தான் வீராசாமியால் தாங்க முடியவில்லை.

"கடைக்காரரு இன்னா சொன்னாரு?" என்றாள் மனைவி கனகா.

"ஆசிட்டோட மட்டும் சேத்துடாதன்னாரு. பிரஷ்ல தேய்க்கலாம், மருந்து மிஷின்ல அடிக்கலாம், உன் இஷ்டம்னாரு."

"ரெண்டுல எது நல்லதாம்?"

"அத்த கேக்கறதுக்குள்ள பஸ்ஸு வந்துடுச்சி."

பிரஷ்ஷில் ஆரம்பித்தார். தேய்த்த இடம் பளிச்சென்று வந்தது. ஆனால் கை எட்டிய உயரம் வரைக்கும்தான். மத்தியானம் கனகா தெருவில் நின்று பார்த்தாள்.

"வூடு வேட்டி கட்டிக்கினு நிக்கிற மாரி கீது."

"இரு, மேல சட்டயும் போட்டுடறேன்."

நெல்லுக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரை நன்றாகக் கழுவி முதுகில் மாட்டிக்கொண்டார். மருந்து மேலே ஏறத்தான் செய்தது. ஆனால் ஒட்டி நிற்காமல் பாசியையும் கரைத்துக்கொண்டு ஓடிவந்து, கீழே வெளுத்த பாதியில் கருப்புக் கோடுகளாக இறங்கியது. போதாததற்கு ஏரிப் பக்கமிருந்து காற்று வேறு. பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள் கொடியிலிருந்து ஒரு புடவையை உருவிக்கொண்டு வந்தாள்.

"வீராசாமி, என் செவப்பு பொடவைக்கு அம்மை போட்ட மாரி ஆயிடுச்சிப்பா."

வீராசாமி முதுகில் ஸ்பிரேயரோடு தலை குனிந்தார்.

"சரி வுடு, போவட்டும். கல்பனாவுக்கு நல்ல எடமா அமையட்டும்" என்றவள், நாலடி போய்த் திரும்பி, "கல்யாணத்துக்கு எனக்கும் ஒரு பொடவ எடுத்துடு. செவப்பே எடு" என்றாள்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த கல்பனா சுவரைப் பார்த்தாள், அப்பாவின் கண் சிவந்திருப்பதையும் பார்த்தாள்.

"போதும் நைனா. அவங்க இன்னா செவுத்தயா கட்டிக்கினு போவப் போறாங்க?"

"நீ சாப்டியா?"

அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போய் சாப்புடு. செவுத்த நான் பாத்துக்கறேன்."

மருந்து ஓடாமல் நிற்க வேண்டுமானால் நுரைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைக் கலந்து அப்பினார். அருமையாக ஒட்டிக்கொண்டது. ஊறட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு மோட்டார் போட்டு ஓஸ் பைப்பால் பீய்ச்சினார். பாசி போனது. பாசியோடு பழைய சுண்ணாம்பும் போனது. சுண்ணாம்புக்கு அடியிலிருந்து, எந்தக் காலத்திலோ யாரோ பெயிண்டில் எழுதிவிட்டுப் போன நீல எழுத்துகள் முழம் முழமாக வெளியே வந்தன.

"இன்னாங்க அது?"

"ஒண்ணுமில்ல. உள்ள போ."

கல்பனா வாசலில் நின்று சத்தமாகப் படித்தாள். "மூலமா, பவுத்திரமா, கவலை வேண்டாம்."

படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், நிறுத்த முடியாமல் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். கனகாவும் சிரித்தாள். அன்றைக்குக் கல்பனா இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். வீராசாமிக்கு மட்டும் இறங்கவில்லை.

காலையில் கார் வந்தபோது, பவுத்திரத்தை மறைத்தபடி சுவரோடு சுவராக நின்று கும்பிட்டார். பையன் இறங்கினான், அவன் அம்மா இறங்கினார். கனகா அவர்களை உள்ளே அழைத்துப் போனாள். பையனின் அப்பா முத்துகிருஷ்ணன் மட்டும் இறங்கவில்லை. துண்டால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீராசாமி கும்பிட்ட கையை இறக்கினார். மறைத்தது போதும் என்று சுவரை விட்டுக் காரருகே போனார்.

"அய்யா, மருந்து நாத்தம் தாங்கலியா? செவுத்துல அது நாங்க எழுதினது இல்லீங்க."

துண்டுக்குள்ளிருந்து தலை மட்டும் ஆடியது.

"வூடு இப்டித்தாங்க கீது. எம்பொண்ணு தங்கம். வூட்ட பாத்து அவள வேணான்னு சொல்லிடாதீங்க."

முத்துகிருஷ்ணன் துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

டிரைவர்தான் பொறுக்க முடியாமல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "நாத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல பெரியவரே. அடுத்த வாரம் நீங்க வூடு பாக்க வருவீங்கன்னு இவரும் நேத்து செவுத்துக்கு மிஷின்ல மருந்து அடிச்சாரு. காத்து திருப்பி அடிச்சதுல டை போட்ட மீச ஒரு பக்கம் மட்டும் வெளுத்துப்பூட்சி."