தரை துடைக்கக் கருப்பட்டி

சிக்கனமாக இருக்க வேண்டும் என்று நான் முடிவெடுத்த நாளிலிருந்துதான் எங்கள் வீட்டில் செலவு கூடியது. இதை இதுவரை யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. என் வீட்டுக்காரரிடம் நிச்சயமாக இல்லை. (அவருக்குத் தெரியும். ஆனாலும் நம் வாயால் ஏன் சொல்ல வேண்டும்?)

நான் பாளையங்கோட்டைப் பெண். முக்கூடல் பக்கம், ஆற்றை ஒட்டிய ஒரு ஊரில் வாக்கப்பட்டு வந்தேன். மாமனார், மாமியார், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், கொஞ்சம் வாழை, கொஞ்சம் நெல், செவலை என்று ஒரு பசு. ஆறு வருஷம் அத்தை சொன்னதைச் செய்துகொண்டு ஒழுங்காகத்தான் இருந்தேன். அப்புறம் எங்கள் தெருவில் செல்போனுக்கு நல்ல சிக்னல் கிடைக்க ஆரம்பித்தது. அந்தச் சிக்னலைப் பிடித்துக்கொண்டு சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்தார். வீட்டுச் செலவைப் பாதியாகக் குறைக்க வழி சொல்கிறேன் என்றார். நான் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சொன்னதில் பாதி எங்கள் வீட்டில் செல்லுபடியாகவில்லை. ஜிம்முக்குக் கட்டும் பணத்தை நிறுத்துங்கள் என்று அவர் சொன்னபோது, அத்தை தலையில் ஒரு கட்டுப் புல்லோடு வரப்பிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார். வெளியே காப்பி குடிக்காதீர்கள் என்றார். எங்கள் ஊரில் வெளியே போனவரைக் காப்பி கொடுக்காமல் யாரும் திருப்பி அனுப்புவதில்லை, குடிக்காவிட்டால்தான் சண்டை வரும். குளிக்கும் நேரத்தைக் குறையுங்கள் என்றார். மாமாவிடம் அதைப் பைய எடுத்துச் சொன்னேன்.

"ஆத்துலதானம்மா குளிக்கேன்? நான் சீக்கிரம் ஏறிட்டா தண்ணி அங்கனயே நிக்கவா போகுது?" என்று கேட்டுவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பாத்திரம் விளக்க சோப்பே வேண்டாம், ஆப்பசோடா போதும் என்றும் அந்த அம்மா சொல்லியிருந்தார். ஒன்றரைக் கிலோ வாங்கி வந்து தேய்த்தேன். அத்தையின் அலுமினியச் சட்டி கன்னங்கரேலென்று ஆனது. அத்தை சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மிச்ச ஆப்பசோடா பரணுக்குப் போனது. (அதை மறந்துவிடாதீர்கள். பின்னால் வேலை இருக்கிறது.)

இத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அடுத்த வீடியோவில் அவர் தரை துடைக்கும் திரவம் செய்து காட்டினார். பழத்தோல், காய்கறித் தோல், கொஞ்சம் வெல்லம், தண்ணீர். ஒரு பாட்டிலில் போட்டு மூடி, மூன்று மாதம் புளிக்க விட வேண்டும். உள்ளே சேரும் காற்று போக, தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து மூட வேண்டும். அவ்வளவுதான். குப்பைக்குப் போகிற தோலை வீணாக்கலாமா என்று கேட்டார். எனக்குப் புல்லரித்துவிட்டது.

இங்கே நான் ஒன்றை யோசித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எந்தத் தோலும் குப்பைக்குப் போனதே கிடையாது. வாழைப்பழத் தோலும் பூசணித் தோலும் அரிசி களைந்த தண்ணீரும் தொழுவத்துத் தொட்டியில் விழும். செவலை தின்னும். சாயங்காலம் பால் கறப்போம். அந்த அம்மா கண்டுபிடிக்கப் பார்த்த சிக்கனம் எங்கள் தொழுவத்தில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், அசனப் பண்டிகை வந்தது. சபையார் எல்லாரும் சேர்ந்து பெரிய பெரிய அண்டாவில் சமைத்து, ஊரையே உட்கார வைத்துச் சாப்பாடு போடுவது அசனம். அதற்கு நறுக்கிய காய்கறிகளின் தோலை வருஷா வருஷம் மாமா இரண்டு சாக்கில் கட்டிச் செவலைக்குக் கொண்டு வருவார். செவலைக்குக் கிறிஸ்துமஸ் அன்றைக்குத்தான். அந்த வருஷம் அந்த இரண்டு சாக்கையும் நான் வழிமறித்துவிட்டேன்.

பாட்டில் சென்னைக்குச் சரி, எங்கள் வீட்டுத் தரைக்கு எந்த மூலைக்குக் காணும்? விதைநெல் வைக்கிற நீல டிரம் காலியாக இருந்தது. தோலையெல்லாம் அதில் கொட்டினேன். வெல்லம் இல்லை, கருப்பட்டி இருந்தது. உடன்குடியிலிருந்து அத்தை வரவழைத்து ஓலைப்பெட்டியில் பூட்டாத குறையாக வைத்திருக்கும் கருப்பட்டி. காப்பிக்குக்கூட நகக்கண் அளவுதான் கிள்ளிப் போடுவார். அதில் முக்கால் பெட்டியை எடுத்துத் தட்டிப் போட்டுவிட்டு, குறைந்தது தெரியாமல் அடியில் வைக்கோலைத் திணித்து வைத்தேன். கேட்டால் தரமாட்டார் என்பதால் கேட்கவில்லை. (திருட்டு என்று சொல்லிவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து அத்தையை ஆச்சரியப்படுத்தலாம் என்று இருந்தேன். ஆச்சரியப்பட்டார்.)

டிரம்மைத் தொழுவத்து மூலையில் வைக்கோலுக்குப் பின்னால் வைத்தேன். செவலை அதையே பார்த்துக்கொண்டு நின்றது.

மாமாவைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். அவருடைய அப்பா ஆற்றங்கரை வயல் இரண்டையும் குடித்தே தீர்த்தவர். அதைப் பார்த்து வளர்ந்த மாமா, வாலிபத்திலேயே தொடமாட்டேன் என்று கோயிலில் சத்தியம் பண்ணினார். இப்போது சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். இருமல் மருந்து வாங்கினால்கூட அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, என்ன கலந்திருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படிப்பார். வருஷத்துக்கு ஒருமுறை மதுவிலக்கு ஞாயிறு அன்று சபை நடுவே எழுந்து, "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்க வீட்டு வாசலுக்குள்ள ஒரு சொட்டு வந்ததில்ல" என்று சாட்சி சொல்வார். அவ்வளவுதான் சொல்வார். அந்த ஒரு வரியைக் கேட்டுக் குடியை விட்ட ஆண்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். போன வயலுக்குப் பதிலாக அவர் சம்பாதித்த சொத்து அந்த ஒரு வரிதான்.

அவருடைய தொழுவத்தில்தான் நான் கருப்பட்டியும் தோலும் தண்ணீரும் சேர்த்துப் புளிக்க வைத்திருந்தேன்.

முதல் இரண்டு வாரம் தினமும் மூடியைத் திறந்து மூடினேன். பக்கத்து வீட்டுச் செல்லக்கனி அக்கா மட்டும், "ஏட்டி, ஒங்க தொழுவுல என்ன வாட வருது?" என்று கேட்டார். "தரைக்கு மருந்து போட்டிருக்கேன்க்கா" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பத்து நாள் அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். மூடியைத் தினமும் கவனித்துக்கொள்ளும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரி" என்றார். (இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தச் "சரி"யை நம்பியது என் தப்பு.) அவரும் கவனிக்கத்தான் செய்தார். மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, சரியாக மூடவில்லை போல என்று பழைய சைக்கிள் டியூபைக் கொண்டு இறுக்கிக் கட்டியிருக்கிறார்.

நான் திரும்பி வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். புதிதாக மாற்றலாகி வந்த ஐயர் முதல்முறையாக வருகிறார். (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) டிரம்மை ஒரு எட்டுப் பார்க்க நினைத்தேன். சுண்டல் அவிக்கிற அவசரத்தில் போகவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. பாட்டு முடிந்து, மாமா கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்தார். மாமா ஆரம்பித்தால் லேசில் முடிக்கமாட்டார். மழைக்கும் வாழைக்கும் பிள்ளைகளுக்கும் நன்றி சொல்லி, "இந்த வீட்டுக்குள்ள ஒரு சொட்டு மதுவும் வராம இந்நாள் மட்டும் காத்து வந்தீரே..." என்று சொல்லும்போது, பின்னால் டமார் என்று ஒரு சத்தம். மூடி பறந்து போய்த் தொழுவத்துத் தகரக் கூரையில் மோதி, உருண்டு விழுந்தது வரை தெளிவாகக் கேட்டது.

மாமா கண்ணைத் திறக்கவில்லை. ஆமென் சொல்லாமல் அவர் திறக்கமாட்டார். அதனால் மற்றவர்களும் திறக்கவில்லை. ஆனால் மூக்கை மூட முடியாதே. வாடை பைய பைய உள்ளே வந்தது. ஒரு அண்ணாச்சி ஆழமாக மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. நான் இன்னும் இறுக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டேன். போய்ப் பார்க்க வேண்டியவள் நான்தான். ஆனால் எழுந்தால் நான்தான் என்று தெரிந்துவிடும். தொழுவத்திலிருந்து சளக் சளக்கென்று யாரோ எதையோ ஆசையாகக் குடிக்கிற சத்தமும் வந்துகொண்டிருந்தது. மாமா அடுத்து மாவட்டத்துக்காக ஜெபிக்க ஆரம்பித்தார்.

ஒருவழியாக ஆமென் வந்தது. எல்லாரும் கண்ணைத் திறந்தோம். வாசலில் செவலை நின்றது. அறுந்த கயிறு கழுத்தில், பூசணித் தோல் கொம்பில், மூக்கெல்லாம் நுரை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. பிறகு நடக்கப் பார்த்தது. முன்கால் ஒரு பக்கம் போனது, பின்கால் இன்னொரு பக்கம் போனது. ஐயரின் பைக்கில் போய்ச் சாய்ந்தது. பைக்கும் அதுவுமாக விழுந்தார்கள்.

"குடிச்சிருக்குய்யா!" என்றார் அந்த அண்ணாச்சி, அனுபவத்தோடு.

மாமா தொழுவத்துக்கு ஓடினார். பின்னாலேயே ஐயர், சபை, நான். நீல டிரம், மிதக்கும் தோல், பழுப்பு நுரை. மாமா அதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். அவர் முகம் செத்துப்போயிற்று. சாராயம் காய்ச்ச ஊறல் போடுவார்களே, அதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"யாரு வச்சா இத?"

"நான்தான் மாமா" என்றேன். "தர தொடைக்கதுக்கு."

யாரும் நம்பவில்லை. நானே நம்பியிருக்கமாட்டேன். அத்தை மட்டும் குனிந்து நுரையை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். "ஏட்டி! ஏங் கருப்பட்டி! தர தொடைக்கக் கருப்பட்டியாட்டி?" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் சபைக்கு என் மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அதற்குள் செவலை வயிறு உப்பிப் போய் முனகத் தொடங்கியது. என் வீட்டுக்காரர் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்து மாமா கையில் கொடுத்தார்.

"என்ன தின்னுச்சு, அண்ணாச்சி?"

மாமா ஒருமுறை ஐயரைப் பார்த்தார். தீவனம் என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். "ஊறல்" என்றார்.

"ஊறலா! எவன் வீட்டு ஊறல்?"

"எங்க வீட்டு ஊறல்தான்."

அந்த மூன்று வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை என் தரை துடைக்கும் ஆசைக்காக அவர் ஊர் முன்னால் கீழே போட வேண்டியதாகிவிட்டது.

டாக்டர், தான் கிளம்பிவிட்டதாகவும், அதற்குள் ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றும்படியும் சொன்னார். ஆப்பசோடா! பரணுக்குத் தாவினேன். சென்னை அம்மாவின் குறிப்புகளில் உருப்பட்டது அது ஒன்றுதான்.

மாட்டுக்கு மருந்து ஊற்ற நீளக் கழுத்துக் கண்ணாடிப் பாட்டில் வேண்டும். மற்ற வீடுகளில் அதற்குப் பிராந்தி பாட்டில் வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அது ஏது? "பாட்டில் இருக்கா?" என்று மாமா கேட்டதுதான் தாமதம், மூன்று பேர் ஓடிப்போய் மூன்று பாட்டில் கொண்டு வந்தார்கள். மூவரும் மதுவிலக்குச் சங்க உறுப்பினர்கள். ஐயர் மூன்று பாட்டிலையும் பார்த்துவிட்டு, ஒன்றை எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

அப்புறம் நடந்ததைத்தான் யாரோ போட்டோ எடுத்துவிட்டார்கள். ஐயர் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு செவலையின் தலையைப் பிடித்திருக்கிறார். மதுவிலக்குச் சங்கத் தலைவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பிராந்தி பாட்டிலை அதன் வாய்க்குள் கவிழ்க்கிறார். பாட்டிலில் பேர் பளிச்சென்று தெரிகிறது. மறுநாள் காலைக்குள் அந்தப் போட்டோ திருச்செந்தூரில் இருக்கிற எங்கள் சின்னத்தை வரை போய்விட்டது.

டாக்டர் வந்து ஊசி போட்டார். செவலை விடியும்போது எழுந்து நின்றது. அன்றிலிருந்து ஒரு வாரம் மாமா பால் குடிக்கவில்லை. பால் வழியாக வந்தாலும் அது அதுதான் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் டிரம்மைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். மாமா வந்து பக்கத்தில் நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் டிரம்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"இறுக்கி மூடப்படாதும்மா. வாயில துணிதான் கட்டணும். எங்கப்பா போட்ட ஊறல நான்லா கிண்டிவிடுவேன், பத்து வயசுல. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்பா போட்ட அந்த ஊறலைப் பற்றி அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று அத்தை பிறகு சொன்னார்.

அடுத்த மாதமே மதுவிலக்கு ஞாயிறு வந்தது. மாமா எழுந்திருக்கமாட்டார் என்று ஊர் பேசிக்கொண்டது. ஐயர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் மாமா எழுந்தார். வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்க வீட்ல ஒருத்தரும் ஒரு சொட்டு குடிச்சதில்ல" என்று சொல்லி நிறுத்தினார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. கோயிலே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

"மாட்டைத் தவிர" என்றார்.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. இப்போதும் வருஷா வருஷம் எழுந்து சாட்சி சொல்கிறார். முதல் பாதியைத்தான் அவர் சொல்வார். பிறகு நிறுத்திவிட்டு நான் உட்கார்ந்திருக்கும் வரிசையைப் பார்ப்பார். மிச்சத்தைச் சபை முழுவதும் எழுந்து நின்று ஒரே குரலில் சொல்லும். அதிகச் சத்தம் என் வீட்டுக்காரருடையதுதான், டியூப் கட்டியது தான்தான் என்பதை மறந்துவிட்டு.