ரம்பம் சார் ரம்பம் வாங்கிய கதை

ஹைதராபாத்தில் எத்தனையோ அறுவைகளிடம் மாட்டியிருக்கிறேன். ஆபீசில் எனக்கு வாய்த்த மேனேஜர்களே அதில் பாதி. ஆனால் அவர்கள் யாரும் ரம்பம் சாரின் கால்தூசிக்கு வரமாட்டார்கள். ஒரு பெண்ணுக்கு வரன் தேடி, நிச்சயம் செய்து, கல்யாணமும் முடித்து அனுப்பிவிடக்கூடிய காலத்தில் அந்த மனிதர் மரம் அறுக்கிற மிஷின் ஒன்றை வாங்கினார். ஒன்றே ஒன்று. அதிலும் சின்னது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் எங்களுக்கு இரண்டாவது மாடி, அவருக்கு மூன்றாவது. திருநெல்வேலிக்காரர். ஹைடெக் சிட்டியில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேருக்கு மேனுவல் எழுதுகிற உத்தியோகம். மேனுவலை யாரும் படிப்பதில்லை என்பதால், அந்தக் குறையை எங்களிடம் வாயால் சொல்லித் தீர்த்துக்கொண்டார். மாடிப்படியில் தெரியாத்தனமாக "புது குக்கர் வாங்கியிருக்கோம் சார்" என்று சொல்லிவிட்டேன். கேஸ்கட் எந்த ரப்பர், வெயிட் ஏன் சுற்றுகிறது, சேஃப்டி வால்வு உருகினால் என்ன ஆகும் என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் என் கையிலிருந்த கொத்தமல்லிக்கட்டு வாடிவிட்டது.

எங்கள் பிளாக்கில் இருந்த நாலு தமிழ்க் குடும்பங்களும் கலந்து பேசாமலே அவருக்கு வைத்த பெயர்தான் ரம்பம். நிஜப் பெயர் லெட்டர் பாக்ஸில் இருந்திருக்கும், யாரும் பார்க்கவில்லை. நான் அவரிடமிருந்து தப்பிக்க ஒரே உபாயம் வைத்திருந்தேன். "அடுப்புல பால் வெச்சிருக்கேன் சார்" என்று உள்ளே ஓடிவிடுவேன். ஒருநாள் மூன்றாம் தடவையாக அப்படி ஓடினபோது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"ஏம்மா, உங்க வீட்ல எத்தனை மாடு நிக்கி?"

கிண்டலா, அக்கறையா என்று இதுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் பிளாக்குக்குப் பின்னால் ஒரு காலி இடம். லேஅவுட் பிளானில் அது பார்க். நேரில் அது காடு. சூபாபுல் மரங்களும், தெலுங்குக்காரர்கள் சர்க்கார் தும்ம என்கிற சீமைக்கருவேலமும் கை பருமனும் தொடை பருமனுமாக வளர்ந்து கிடந்தன. கீழ்வீட்டு பாத்ரூமில் பாம்பு வந்தபோதுகூட நாங்கள் பொறுத்துக்கொண்டோம். ஒருநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆசாமி வந்து, நாலு மூலையிலும் கல் நட்டு, சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் எருமை ஒன்றைக் கொண்டுவந்து கட்டினான். எருமையைக் கட்டிவிட்டால் அடுத்தது தகரக் கொட்டகை, அதற்கடுத்தது அடுக்குமாடி. ஹைதராபாத்தில் இதற்குக் கப்ஜா என்று பெயர்.

காலனி மீட்டிங் கூட்டினார்கள். இடம் காடாகக் கிடக்கிறவரை அது பார்க் என்று எந்த ஆபீசரும் ஒத்துக்கொள்ளமாட்டார், முதலில் மரங்களை வெட்டிச் சுத்தம் செய்து விளையாடும் இடமாக்குவோம் என்று முடிவாயிற்று. கோடாலி கொண்டுவந்த கூலியாட்கள் முள்ளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள். ஆகவே லேசாக ஒரு மிஷின் ரம்பம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் நாமே வெட்டலாம் என்றார் செக்ரெட்டரி. அவர் கம்மம் ஜில்லாக்காரர், பரம சாது. "யாருக்காவது ரம்பத்தைப் பற்றித் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, தானே தொடையில் தட்டிக்கொண்டார்.

"அரே, மன ரம்பம் காரு உன்னாரு கதா!"

நம் ரம்பம் சார்தான் இருக்கிறாரே என்கிறார்! எங்கள் நாலு குடும்பத்துக்கும் மூச்சு நின்றுவிட்டது. தெலுங்கிலும் ரம்பம் என்றால் ரம்பம்தான். ஆனால் அது மரம் அறுக்கிற சாமான் மட்டுமே, காதை அறுக்காது. நாங்கள் மாடிப்படியில் "ரம்பம் வரார், ரம்பம் வரார்" என்று குசுகுசுத்ததையெல்லாம் கேட்ட செக்ரெட்டரி, அதை அவர் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். தெலுங்குக்காரர்களுக்கு வீட்டுப் பெயர் எதுவாகவும் இருக்கலாம். "வாள்ள இன்டிப்பேரே ரம்பம், வீட்டுப் பெயரே அதுதான். தாத்தா காலத்திலிருந்து அவர்களுக்கு இதுதான் தொழில்" என்று கூட்டத்துக்கு விளக்கம் வேறு கொடுத்தார்.

ரம்பம் சார் எழுந்தார். எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "செலக்ட் பண்ணித் தாரேன்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சுருக்கமாகப் பேசியது அன்றுதான்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது எங்கள் கஷ்டகாலம். மரங்களை முதலில் அளக்கவேண்டும் என்று தையல்காரர் டேப்போடு முள்ளுக்குள் நுழைந்தார். என் பெண்ணின் பள்ளிக்கூட ரிப்பன்களை வாங்கிப் பருத்த மரங்களுக்கெல்லாம் கட்டினார். திங்கட்கிழமை அவள் ரிப்பனில்லாமல் போய் டீச்சரிடம் திட்டு வாங்கினாள். எதிரே எருமை மாடு, நடுவே ரிப்பன் கட்டிய மரங்கள், பார்க்கவே ஏதோ ஆண்டுவிழா மாதிரி இருந்தது.

அடுத்தது எடை. கடைக்காரன் சொல்லும் எடை வெறும் மிஷினுடையதாம். அதில் பிளேடு மாட்டி, செயின் மாட்டி, பெட்ரோலும் செயின் ஆயிலும் ஊற்றினால் வருவதுதான் நிஜ எடையாம். அது கைக்குத் தாங்குமா என்று தெரியவேண்டும் அல்லவா? என் புது குக்கரையே இரவல் வாங்கிப் போய், அந்த எடைக்குத் தண்ணீர் ஊற்றி, வாக்கிங் போகிறவர்களை மறித்து இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னார். ஜாவா தெரிந்தவர்கள், ஆரக்கிள் தெரிந்தவர்கள், அமெரிக்காவுக்கு விசா அடித்து வைத்திருந்தவர்கள் எல்லாரும் காலங்காத்தால குக்கரைத் தூக்கிக்கொண்டு காற்றில் மரம் அறுத்தார்கள். என் வீட்டுக்காரரும் அறுத்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் பருப்பு வேகவில்லை.

"கடையில தூக்கும்போது எல்லாமே லேசுதாம்மா. அரை மரம் அறுத்தப்புறம் லேசா இருக்கா? அதான் கேள்வி" என்றார்.

"சார், நீங்க கேள்வி கேட்டுட்டே இருங்க. அந்த வெள்ளைச் சட்டை பிளாட் போட்டு வித்துடுவான்!"

"விக்கட்டும். கை போச்சுன்னா பார்க்குல போயி ஊஞ்சலை எதைக்கொண்டு பிடிப்பிய?"

எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் இல்லாத பால் பொங்கிவிட்டது.

கரண்டு மிஷின் லேசு, ஆனால் ஒயர் முள்ளில் சிக்கும் என்று தள்ளினார். பேட்டரியில் ஓடுவது வெளிநாட்டில் வந்திருக்கிறதாம், பேட்டரி செத்தால் இங்கே யாரிடம் போவது என்று தள்ளினார். பிறகு சிகந்தராபாத் ராணிகஞ்சுக்கு பஸ்ஸில் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் வீட்டுக்காரரும் போனோம். ஆளைக் கையோடு இழுத்து வராவிட்டால் கடையிலேயே குடியிருப்பார் என்ற பயம்தான். கடைக்கார பாய் நாலைந்து மிஷின்களை எடுத்து வைத்தார். கடைசியாக ஒன்று வந்தது. கைக்குழந்தை மாதிரி இருந்தது. நான் ஒற்றைக் கையால் தூக்கினேன்.

"இதான் சார்! இதைவிட லேசு உலகத்துல கிடையாது! பில் போடச் சொல்லுங்க!"

"வேண்டாம்."

"ஏன் சார்?"

"நீங்க ஒத்தைக் கையில தூக்கிட்டியள்லா, அதான் வேண்டாம். இது மரத்துல ஏறி வெட்டுதவனுக்கு உள்ளது. தரையில நிக்கவன் இதை ஒத்தைக் கையில பிடிப்பான், மத்தக் கையால கொப்பைப் பிடிப்பான். பிளேடு மூக்கு எதுலயாச்சும் முட்டிச்சுன்னா மிஷின் திருப்பி அடிக்கும். ரெண்டு கைக்கும் வேலை இருந்தாத்தாம்மா ரெண்டு கையும் இருக்கும்."

பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். "சாப், லேனா ஹை தோ லேலோ, நக்கோ தோ நக்கோ போலோ! கைக்கு மேரா ஜான் காரே?" வேண்டுமென்றால் வாங்கு, வேண்டாமென்றால் சொல், என் உயிரை ஏன் வாங்குகிறாய் என்று அழாத குறையாகக் கேட்டார். நான் சொல்லவேண்டியதை அவர் சொல்லிவிட்டார். அன்று வெறுங்கையோடு திரும்பினோம். பஸ்ஸில் வரும்போது நான் அந்த மனிதர் பக்கம் திரும்பவே இல்லை.

"கோவப்படாதீங்கம்மா" என்று அவரே தொடங்கினார். "நம்ம காலனில எல்லா வீட்லயும் சோறு போடுதது பத்து விரலுதான். கீபோர்டு தட்டுத விரலு. அரிவாள் பிடிச்ச கையா இருந்தா நான் இவ்வளவு யோசிக்கமாட்டேன்."

என் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டேன். அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஒருவழியாக மழைக்காலம் ஓய்ந்த பிறகு மிஷின் வந்தது. மத்திம எடை, குட்டைப் பிளேடு, பின்பக்கம் ஒரு பிடி, முன்பக்கம் ஒரு பிடி. ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பம் என்றார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு முன்னால் வெள்ளைச் சட்டை வந்துவிட்டான். வேன் நிறைய ஆட்கள், முள்கம்பிச் சுருள், வேலிக்கால், மரம் வெட்ட ஆளுயர மிஷின் ஒன்று.

செக்ரெட்டரி ஸ்கூட்டர் சாவியைத் தேடினார். முனிசிபல் ஆபீசர் காலனியின் அடுத்த ஃபேஸில்தான் குடியிருந்தார். லேஅவுட் பிளானோடு அவரைக் கூட்டி வருவதற்குள் இவர்கள் வேலியைப் போட்டுவிட்டால் அப்புறம் கோர்ட்டு வாசலில்தான் நிற்கவேண்டும். "நான் வருகிறவரை யாராவது பேச்சுக் கொடுத்து நிறுத்தி வையுங்கள்" என்று ஸ்கூட்டரை உதைத்தார்.

பேச்சுக் கொடுப்பதா? நாலு தமிழ்க் குடும்பத்தின் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

ரம்பம் சார் நேராக அந்த ஆளுயர மிஷினிடம் போனார். "இது யானைக்கு வாங்கினதாய்யா?" என்று தன் திருநெல்வேலித் தெலுங்கில் கேட்டார். மிஷின் பிடித்திருந்தவன் சிரித்துவிட்டான். அங்கே பிடித்தார். இவ்வளவு நீளப் பிளேடு இந்தச் சின்ன மரத்துக்கு எதற்கு, மூக்கு பக்கத்து மரத்தில் முட்டாதா, செயின் பிரேக் எங்கே, கையைக் காட்டு பார்ப்போம், ஏன் நடுங்குகிறது? வெள்ளைச் சட்டை "வேலிக்காலை ஊனுங்கடா, ஊனுங்கடா" என்று கத்தினான். ஆட்கள் அசையவில்லை. "இதைப் பிடிச்சு உன் கை மரத்துப்போனா முதலாளி சோறு போடுவாரா?" என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "ஏம்மா, குக்கரை எடுத்துட்டு வாங்க" என்றார்.

ஓடினேன். என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு குக்கரில் நான் தண்ணீர் பிடித்ததில்லை.

வேலிக்கால்களைக் கீழே போட்டுவிட்டு வரிசையில் நின்று அந்த ஆட்கள் குக்கர் பிடித்தார்கள். குறுக்கே வந்த வெள்ளைச் சட்டைக்குப் பெட்ரோலில் ஆயில் கலக்கும் முறை முழுவதும் கிடைத்தது. கையை உதறினான், விடவில்லை. வேனுக்குள் ஏறினான், ஜன்னல் வழியாகத் தொடர்ந்தது. ஆபீசர் பிளானோடு வந்து இறங்கியபோது வெள்ளைச் சட்டை சண்டைகூடப் போடவில்லை. ஆட்களை அள்ளிக்கொண்டு, "ஏம் சுத்தி பாபூ இதி!" என்று தலையிலடித்துக்கொண்டு போனான். எருமையை அவிழ்க்க மறுநாள்தான் ஆள் வந்தது.

"சுத்தின்னா?" என்று ரம்பம் சார் செக்ரெட்டரியைக் கேட்டார். செக்ரெட்டரி நெளிந்தார். சுத்தி என்றால் சுத்தியல்தான், ஆனால் பேசிப் பேசி மண்டையில் அடிக்கிறவனையும் தெலுங்கில் அப்படிச் சொல்வார்கள் என்றார்.

ரம்பம் சார் கொஞ்சம் யோசித்தார். பிறகு எங்கள் நாலு குடும்பத்தையும் பார்த்துச் சொன்னார்.

"தமிழ்ல ரம்பம். தெலுங்குல சுத்தி. இனி எந்தப் பாஷையிலயாச்சும் உளின்னு சொல்லிட்டான்னா, நான் தச்சு வேலைக்கே போயிருவேன்."

அவரே முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே மிஷினை ஸ்டார்ட் செய்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் எல்லாரும் வெட்டினோம். நானும் ஒரு சூபாபுல்லைச் சாய்த்தேன். சொல்லவே பிடிக்கவில்லை, மிஷின் கடைசிவரை லேசாகத்தான் இருந்தது. வேலை முடிந்ததும் ஒவ்வொருவரையும் கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினார்.

ரிட்டையர் ஆனதும் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டார். ரம்பம் எங்கள் பரணில் இருக்கிறது. சூபாபுல் துளிர்க்கிற சமயம் பார்த்து அவரிடமிருந்து ஃபோன் வரும். "செயினைத் தீட்டினியளாம்மா?" என்று ஆரம்பிப்பார். என் பெண் ஃபோனை எடுத்துவிட்டு, "மம்மீ, ரம்பம் அங்கிள்!" என்று அவர் காதுபடவே கத்துவாள்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வேன்.