கியர் அண்ணன் கைவைத்த சட்டை

மதுரையில் ஒரு நிமிஷம்கூடச் சும்மா உட்காரத் தெரியாத ஒரே மனிதர் கியர் அண்ணன்தான். எழுபதுகளின் கடைசியில், ஆரப்பாளையம் லாட்ஜில் எனக்குப் பக்கத்து அறை. காபி குடிக்கும்போதும் மேசைக்கடியில் கால் பெடல் போட்டுக்கொண்டே இருக்கும்.

ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் அவரிடம் விற்றுவிட்டுப் போன ஐந்து கியர் சைக்கிள்தான் எல்லாவற்றுக்கும் காரணம். பின்சக்கரத்தில் ஐந்து பல்சக்கரங்கள். பெரியதற்குச் செயினை மாற்றினால் மேடு லேசாகிவிடும். ஆனால் மதுரைக்குள் மேட்டுக்கு எங்கே போக? சாக்கடைப் பாலத்தைக் கண்டால்கூட மனிதர் கியர் மாற்றுவார்.

மேடு தொடங்குமுன், மிதியைத் தளர்த்தி, மெதுவாக மாற்ற வேண்டும். அந்தப் பொறுமை அவருக்குக் கிடையாது. பாதி மேட்டில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே, “இப்பப் பாரு தம்பி!” என்று கியர் லீவரை இழுப்பார். படக்! செயின் தொங்கும்.

ஆனாலும் சைக்கிளைத் தள்ளவே மாட்டார். “தள்ளுறதுக்கு எதுக்குடா கியரு? தள்ளுவண்டி வாங்கியிருப்பேன்ல!” அழகர்கோயில் மலைப்பாதையில் ஒருமுறை செயின் அறுந்தே போனது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார். மேலே முருகன் கோயிலுக்குப் போனவர்கள் ஏதோ புதுவிதக் காவடி என்று வழிவிட்டார்கள். ஒரு அம்மா அவர் காலில் தண்ணீர் ஊற்றி, “என்ன வேண்டுதல் சாமி?” என்று கேட்டார்.

“செயினு நிக்கணும் தாயி” என்றார், உண்மையான பக்தியோடு.

அப்போது நான் ஒரு வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தேன். திருநகரில் ஒரு அலுவலகத்தில் காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. இதுவும் போனால் ஊருக்கு வந்து சேர் என்று அப்பா எழுதியிருந்தார். புது வெள்ளைச் சட்டையோடு நிற்கிறேன், டவுன் பஸ் வரவில்லை.

“ஏறு தம்பி, அஞ்சு கியர் இருக்கு!”

“அதுதாண்ணே பயமாயிருக்கு.”

ரயில்வே மேம்பாலம் வந்தது. மேடு என்றால் கேரியரில் இருப்பவன் குதித்து நடப்பதுதான் வழக்கம். “எறங்குன, கொன்னேபுடுவேன்! கியருக்கு அவமானம்!” என்றார். பாதிப் பாலத்தில் இழுத்தார். படக்! செயின் அறுந்து ரோட்டில் கிடந்தது. எடுக்கக் குனிந்தேன்.

“தொடாத! சட்டை கரியாயிரும்!” அவரே எடுத்துப் பைக்குள் திணித்தார். சைக்கிளைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார். “சீட்டுல உக்காந்து ஹேண்டிலப் புடி.”

தள்ளினார். கியர் அண்ணன் தள்ளினார்! சட்டையில் கை படாமல் கேரியரைப் பிடித்து, மூச்சிரைக்க ஓடியே தள்ளினார். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் சிரித்தார். “என்னண்ணே, கியரு மாத்தலையா?”

“மாத்திட்டேன்யா! இது ஆறாவது!”

உச்சியில் கேரியரில் தாவி ஏறினார். இறக்கத்தில் செயின் இல்லாமலே பறந்தோம். இறக்கம் முடிந்ததும் மறுபடி ஓட்டம். அலுவலக வாசலில் பத்தாக இரண்டு நிமிஷம். “தெம்பாப் போயிட்டு வா!” என்று முதுகில் ஓங்கி ஒரு தட்டு.

அழுக்குக் கையாலே. உள்ளே பியூன் காட்டித்தான் எனக்கே தெரிந்தது. அதிகாரிகளுக்கு முதுகைக் காட்டாமல் பதில் சொல்லி, கும்பிட்டபடியே பின்னால் நடந்து வெளியேறினேன். அந்தப் பணிவுக்காகவே என்னை எடுத்ததாக மேனேஜர் பிறகு சொன்னார்.

என் மனைவி எத்தனையோ சோப்புப் போட்டுப் பார்த்துவிட்டாள். அந்த ஐந்து விரல்களும் போகவில்லை. போயிருந்தால் அழுதிருப்பேன்.