முடியவே முடியாது மேடம்!

"அண்ணா, வேணாம்! அது கட்டிலுக்கு அடியில போகாது!"

அசரியா கேட்கவில்லை. தையல் மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நின்றார். அது உள்ளே போகாது என்பது மெஷினுக்குத் தெரிந்திருந்தது, ஜெரூஷாவுக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத்தான் தெரியவில்லை. கீழே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்க! போச்சு!"

படுக்கை விரிப்பை உருவி மெஷின் மேல் போட்டு மூடினார். யாரோ முக்காடு போட்டுக் குந்தியிருப்பது போல இருந்தது.

"ஜெரூஷா, நீ கட்டில்ல படு. முகத்தைச் சோர்வா வெச்சுக்க."

"எனக்கு என்ன கேடு? காலையிலேர்ந்து நாலு பிளவுஸ் தைச்சு முடிச்சிருக்கேன்."

"அதைத்தான் சொல்லிடாதன்னு சொல்றேன்! வீடு வேணுமா வேணாமா?"

ஜெரூஷா சக்கர நாற்காலியிலிருந்து ஒரே தாவலில் கட்டிலுக்கு மாறினாள். சர்க்கஸ்காரி தோற்றாள். அந்தத் தாவலையும் யாராவது பார்த்துவிட்டார்களா என்று அசரியா வாசலைப் பார்த்துக்கொண்டார்.

சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் ஜெரூஷாவின் இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டு போயிருந்தது. மற்ற எதையும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. சிட்லபாக்கத்தில் அந்தத் தெருவின் பாதிப் பெண்கள் அவள் தைத்த பிளவுஸில்தான் கல்யாணத்துக்குப் போனார்கள். மிக்ஸி பழுதா, ஃபேன் பழுதா, ஜெரூஷாவைக் கூப்பிடு. வீடுதான் மாடியில். படிகளில் உட்கார்ந்து, கைப்பிடிச் சுவரைப் பற்றி, ஒவ்வொன்றாக இறங்கி ஏறுவாள். அப்படி ஏறி ஏறித் தோள்பட்டை தேய்ந்துவிட்டது. அரசாங்க மையத்திலிருந்து வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் ப்ரியா கண்டிப்பாகவே சொல்லிவிட்டாள்: "அக்கா, இனிமே இந்தப் படி ஏறினீங்கன்னா கையும் போயிடும்."

அதன் பிறகுதான் ஜெரூஷா மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு வீட்டுக்கு விண்ணப்பித்தாள். கூடுவாஞ்சேரிப் பக்கம், தரைத்தளம். அலைந்தது, கேட்டது, பேசியது எல்லாம் அவளேதான். "கடைசியா ஒரு தடவை வீட்டுக்கு வந்து பார்ப்பாங்கண்ணா. நீ லீவு போட்டு வீட்ல இருந்தா போதும்" என்று மட்டும் அண்ணனிடம் சொல்லியிருந்தாள்.

இருந்தால் மட்டும் போதுமா? அசரியா குரோம்பேட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை தவிர அவருக்கு உலகத்தில் யாருமில்லை. உடன் வேலை பார்க்கும் ஜேசன் ஒரு யோசனை சொல்லியிருந்தான்: "சார், உங்க தங்கச்சி இப்படிச் சுறுசுறுப்பா இருந்தா, இவங்களுக்கு எதுக்கு வீடுன்னு போயிடுவாங்க. எதைக் கேட்டாலும் முடியாதுன்னு சொல்லுங்க. முடியாதுன்னாத்தான் சாவி."

அந்த மந்திரத்தை அசரியா மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

அதிகாரி ஜெயஸ்ரீ மேடம் உள்ளே வந்தார். பின்னாலேயே அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு டிரைவர் சிட்டிபாபு.

"என்ன ஜெரூஷா, படுத்திருக்கீங்க? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம். அண்ணன் படுக்கச் சொன்னாரு."

அசரியா அவசரமாக இருமினார். "மேடம், முதல்ல காபி! இந்த வீட்ல சமையல் எல்லாம் என் பொறுப்புதான்."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனவருக்கு, அது யாரோ அந்நியர் வீட்டுச் சமையலறை மாதிரி தெரிந்தது. பால் கிடைத்தது. பாத்திரம் கிடைத்தது. அடுப்பைப் பற்ற வைக்கும் லைட்டர்தான் கிடைக்கவில்லை.

"சன்னல்கிட்ட தொங்குதுண்ணா!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"தெரியும்! தெரியும்!"

பற்ற வைத்தார். சர்க்கரை டப்பாவைத் தேடித் திரும்பினார். மிளகாய்த்தூள், மல்லித்தூள், ரவை, மறுபடி மிளகாய்த்தூள். அவர் தும்மிக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பால் பொங்கி அடுப்பின் மேல் சீறியது. தீய்ந்த வாடை கூடம் வரைக்கும் போயிற்று.

அடுத்த விநாடி சக்கர நாற்காலி சர்ரென்று வந்து அவர் முழங்காலில் இடித்தது. ஜெரூஷா கேஸை மூடினாள், அடுப்பைத் துடைத்தாள், மிச்சப் பாலில் காபி கலந்தாள். தட்டை மடியில் வைத்துத் திரும்பி ஓட்டினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

மேடம் ஒரு வாய் குடித்தார். "அருமையா இருக்கு ஜெரூஷா!"

அசரியா தலையில் கை வைத்துக்கொண்டார். காபியே காட்டிக்கொடுத்துவிட்டதே!

மேடம் கையிலிருந்த டேப்லெட்டைத் தட்டினார். "ஜெரூஷாவைப் பத்தி ப்ரியா எல்லாமே சொல்லிட்டாங்க. நான் சார்கிட்ட சில கேள்வி கேட்கணும். கூச்சப்படாம உண்மையைச் சொல்லணும் சார்."

"கேளுங்க மேடம்!" அசரியா நாற்காலி நுனிக்கு வந்தார்.

"தனியா சமைச்சுச் சாப்பிட முடியுமா?"

"முடியவே முடியாது மேடம்!"

மேடம் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். தட்டினார்.

"குளிக்க?"

"வெந்நீர் விளாவி, துண்டு எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேணும்."

"துணி மாத்திக்க?"

"ஐயோ, பட்டன் போடறதுக்குள்ள பொழுது விடிஞ்சுடும்!"

மேடத்தின் பார்வை அவருடைய சட்டையில் ஒரு நொடி நின்றது. மெஷினோடு மல்லுக்கு நின்ற அவசரத்தில் பட்டன்கள் ஓட்டை மாறி ஏறியிருந்தன. அசரியா அதைக் கவனிக்கவில்லை.

"வெளியே தனியா போய் வர?"

இங்கே அசரியா கொஞ்சம் கற்பனை சேர்க்க நினைத்தார். கற்பனை வரவில்லை. போன மாதம் தனக்கு நடந்ததையே எடுத்துத் தங்கை தலையில் கட்டினார்.

"குரோம்பேட்டையில இறங்கறதுக்குப் பதிலா பல்லாவரம் வரைக்கும் போய் முழிச்சிக்கிட்டு நின்னதெல்லாம் உண்டு மேடம்."

"அது நிஜமாவே நடந்தது மேடம்" என்றாள் ஜெரூஷா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

என்ன அருமையாக ஒத்து ஊதுகிறாள்! அசரியா பூரித்துப்போனார். அதே வேகத்தில், ராத்திரி தனியா இருந்தா என்று மேடம் கேட்பதற்குள், "பயம் மேடம்! பல்லியைப் பார்த்தாலே அலறல்தான்" என்று இன்னொரு சொந்த அனுபவத்தையும் எடுத்துவிட்டார்.

மேடத்தின் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போயிற்று. மூலையில் சிட்டிபாபு ஏனோ சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

அந்த நேரத்தில்தானா வீட்டுக்காரம்மா வர வேண்டும்? கீழேயிருந்து பொன்னியம்மாளின் குரல் மாடியைத் துளைத்தது.

"ஏம்மா ஜெரூஷா! மோட்டார் ஓட மாட்டேங்குது! வந்து என்னான்னு பாரேன்!"

அசரியா எழுந்து நின்றுவிட்டார். "மோட்டார் எல்லாம் நான்தான் மேடம் பார்ப்பேன்! அந்தம்மாவுக்கு வாய்ல பேர் மாறி மாறி வரும்!"

ஓடினார். கீழே போய் மோட்டாரை எல்லாப் பக்கமும் சுற்றி வந்தார். அதற்கு ஆறுதல் சொல்வது போலத் தட்டிக்கொடுத்தார். மாடிச் சன்னலிலிருந்து தங்கையின் குரல் வந்தது.

"காத்து அடைச்சிருக்கும்ணா! மேல இருக்கற மூடியை லேசா திருகு! லேசா!"

அசரியா எதையுமே லேசாகச் செய்து பழகியவரில்லை. மூடி ஆகாயத்துக்குப் போயிற்று. குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் அவர் முகத்துக்கு வந்தது.

"அதுக்குத்தான்யா தங்கச்சியைக் கூப்பிட்டேன்!" பொன்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "அவ வாயால சொன்னாலே ஓடும். நீ கையை வெச்சா நின்னுடும்!"

கடைசியில் ஜெரூஷா மேலேயிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பொன்னியம்மாளே மூடியைத் தேடி எடுத்து, தண்ணீர் ஊற்றி, திருகி, பட்டனை அமுக்கினார். மோட்டார் சமர்த்தாக ஓடியது.

சொட்டச் சொட்ட மாடி ஏறி வந்தார் அசரியா. எல்லாம் கெட்டது என்று நினைத்தார். தங்கையின் திறமை தெருவுக்கே கேட்டுவிட்டது. இனி யார் வீடு கொடுப்பார்கள்? அவள் தோள்பட்டையை நினைத்தார். அந்தப் படிகளை நினைத்தார். ஈரத்தோடு ஈரமாகக் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

"மேடம்" என்றார். "நான் என்னென்னமோ சொன்னேன். ஒண்ணு மட்டும் சத்தியமா சொல்றேன். இவ மாதிரி ஒரு மனுஷி இந்த ஊர்லயே கிடையாது. இந்த வீடு ஓடறதே இவளாலதான். இவளுக்குக் கீழ் வீடு ஒண்ணு கிடைச்சுட்டா, நான் எங்கேயாவது ஒரு ரூம் எடுத்துக்கிட்டுப் போயிடறேன் மேடம்."

ஜெரூஷா சிரிப்பதை நிறுத்திவிட்டு அண்ணனையே பார்த்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்து அவர் தலைமேல் எறிந்தாள். "முதல்ல தலையைத் துவட்டு."

மேடம் டேப்லெட்டை மூடினார். "எனக்குத் திருப்தி ஜெரூஷா. நீங்க சொன்னதைவிட அதிகமாவே பார்த்துட்டேன். அங்க சாய்தளம் அகலமா இருக்கு, பாத்ரூம்ல ரெண்டு பக்கமும் கைப்பிடி போட்டாச்சு. உட்கார்ந்தபடியே எல்லா ஸ்விட்சும் எட்டும். ப்ரியா அங்கேயும் வாராவாரம் வருவாங்க." அசரியாவின் தோளில் தட்டினார். "நீங்க கவலையேபடாதீங்க சார். எந்த ரூமுக்கும் போக வேண்டாம். நாங்க இருக்கோம்."

அசரியாவுக்கு றெக்கை முளைத்தது. ஜேசனின் மந்திரம் பலித்துவிட்டது! வழியனுப்பக் கீழே ஓடினார். மேடம் பொன்னியம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தார். ஜீப்பில் ஏறப்போன சிட்டிபாபுவின் கையை அசரியா பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப தேங்க்ஸ்ப்பா! என் தங்கச்சிக்கு வீடு கிடைச்ச மாதிரிதானே?"

சிட்டிபாபு அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா சார் பேஜார் பண்றீங்க? அக்காவுக்குப் போன மாசமே வூடு குடுத்தாச்சு. அது ஒத்தை ஆளுக்குக் குடுக்கற வூடு; தனியா வுட முடியாத ஆளு வூட்ல யாருனா கீதுன்னா அக்கா கூட வெச்சிக்கலாம், வந்து பாத்துட்டு ஓகே சொல்றோம்னு மேடம் சொன்னாங்க. இன்னிக்கு உங்களைப் பாக்கத்தான் சார் வந்தோம்; முன்னாடியே சொன்னா எல்லாம் தெரிஞ்ச மாதிரி சீன் போட்டுடுவீங்கன்னு, அக்காதான் உங்ககிட்ட மூச்சு வுட வேணாம்னுச்சு!"