என் வீட்டுக்காரர் பரிசுத்தரான விவரம்

கர்த்தருக்குள் பிரியமான அண்ணனுக்கு, தங்கை ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பொய் சொல்வதை இந்த வீட்டில் விட்டு ஐந்து வாரம் ஆகிறது. அதனால் எழுத வழியில்லை.

ஐந்து வாரத்துக்கு முன் நீங்கள் இங்கே வந்து மூன்று நாள் கூட்டம் நடத்தினீர்களே, கடைசி நாள், "உலக இன்பத்தை இன்னைக்கே விடத் தயாரா இருக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்று கேட்டீர்களே, அப்போது உங்கள் மாப்பிள்ளை இரண்டு கையையும் தூக்கினார். இருபத்துநான்கு வருஷமாகப் பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடும் மனிதர் விழித்திருந்து கை தூக்கியதைப் பார்த்து, சந்தோஷம் தாங்காமல் நானும் சத்தமாக அல்லேலூயா சொல்லிவிட்டேன். அந்த அல்லேலூயாவைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஏதாவது வழி இருந்தால் தயவுசெய்து தெரிவிக்கவும்.

மறுநாள் காலையில் முதலில் போனது டிவி. இவர் டிவி பார்த்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா அண்ணா? செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொல்வதற்குள் இவருக்குக் குறட்டை வந்துவிடும். பார்க்கிறவள் நான். அதைத் தூக்கிப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டார். இப்போது என் தொடர் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது. காதை வைத்தால் குரல் கேட்கிறது, முகம் தெரியவில்லை. அந்தப் பெண் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று நானும் கொஞ்சம் அழுது வைக்கிறேன். அடுத்தது சர்க்கரை. இவரைச் சர்க்கரையை விடச் சொல்லி டாக்டர் போன வருஷமே கெஞ்சியாயிற்று. இவர் இப்போது விட்டது எங்கள் டீயில் இருந்த சர்க்கரையை. அதற்கடுத்து மகளுடைய நகப்பூச்சு, சென்ட், கடைசியில் முகம் பார்க்கும் கண்ணாடி. மருந்துக் கடைக்கு வேலைக்குப் போகிற பெண், கண்ணாடி பார்க்காமல் கிளம்பி, ஒரு காதில் மட்டும் கம்மலோடு நாள் முழுக்க நின்று மருந்து கொடுத்துவிட்டு வந்து, "அம்மா, அப்பா இன்னும் என்னென்னத்தை விடப்போறாருன்னு முன்னாடியே கேட்டு வை. நான் கிளம்புற நேரத்துல செருப்பை விட்டுட்டாருன்னா கஷ்டம்" என்கிறாள்.

நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். இவர் துறந்ததெல்லாம் எங்களுடைய இன்பம். தமக்கென்று துறந்தது ஒன்றே ஒன்று, கட்டில். தரையில் படுக்கிறார். மூன்றாம் நாளே இடுப்பு பிடித்துக்கொண்டது. தரையில் படுப்பது அவர், தைலம் தேய்ப்பது நான். பரலோகத்தில் இதற்கான பலன் யார் பேரில் எழுதப்படும் என்பதையும் நீங்கள் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

சரி, வீட்டோடு போகட்டும் என்று பொறுத்திருப்பேன். ஆனால் இவர் தொழில் என்ன என்பதைக் கூட்டத்தில் கை தூக்கச் சொல்வதற்கு முன் நீங்கள் ஒரு நிமிஷம் நினைத்திருக்கக் கூடாதா? மெத்தைக் கடை அண்ணா! சுகமாகப் படுப்பதற்காகவே ஜனங்கள் தேடி வருகிற கடை! போன வாரம் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. மெத்தென்று ஒரு மெத்தை வேண்டும் என்று அந்தப் பையன் கூச்சத்தோடு கேட்டான். இவர், "மெத்துனு படுத்தா விடியக்காலம் ஜெபத்துக்கு எப்பிடித் தம்பி எழும்புவீங்க?" என்றார். "நாங்க எட்டு மணிக்கு எழும்பினாப் போதுங்க" என்றது அந்தப் பெண். "அதைத்தாம்மா நானும் சொல்றேன்" என்று கடை விளக்கை அணைத்துவிட்டார். இரண்டு ஆத்துமாக்களைச் சோம்பலிலிருந்து காப்பாற்றியதாக அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று சாட்சி வேறு சொன்னார். நான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். ஜெபிக்கிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் ஒருவர் தம் மனைவிக்கு மெத்தை கேட்டிருந்தார். அந்தம்மா மாடிப்படியில் விழுந்து இடுப்பு முறிந்து நாலு மாதமாகப் படுக்கையில். இவர் பஞ்சைக் குறைத்து, தேங்காய் நாரைத் திணித்து, பலகை மாதிரி ஒன்றைத் தைத்து அனுப்பியிருக்கிறார். எனக்குத் தெரியாது. இன்று காலையில் வேன்காரர் கடைக்கு வந்தார். சண்டை போடவில்லை. வாசலில் நின்றபடி, "அண்ணே, அவளுக்கு முதுகெல்லாம் புண்ணு வந்திருச்சு. திரும்பிப் படுக்கக்கூட முடியல. அவ என்னண்ணே உலக இன்பம் அனுபவிக்கப் போறா?" என்று கேட்டார்.

இவர் வேதப் புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உபவாச ஜெபத்துக்குப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு, கடைக்குள் போய் நானே துணி வெட்டி, நானே பஞ்சு அடைத்து, விரலெல்லாம் ஊசி குத்திக்கொண்டு சாயங்காலம் வரை ஒரு மெத்தை தைத்தேன். இவர் திரும்பி வந்து பார்த்தார். ஒரு வார்த்தை இல்லை. "பேசுறதையும் விட்டாச்சா?" என்று கேட்டேன். சாப்பிடாமல் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஆகையால் அண்ணா, மூன்று நாள் பேசி இவரைக் கெடுத்தது நீங்கள், வந்து சரி செய்ய வேண்டியதும் நீங்கள். சனிக்கிழமைக்குள் வராவிட்டால் நானும் மகளும் பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவோம். அங்கே டிவி ஓடுகிறதா என்று மட்டும் அண்ணியிடம் கேட்டு வையுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் முத்தம். உங்கள் ஊழியம் எல்லாத் திசையிலும் பெருக ஜெபிக்கிறேன், எங்கள் தெருவைத் தவிர.

உங்கள் தங்கை

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் நேற்றுக் காலையில் கடையிலிருந்து சத்தம் கேட்டது. "யாரு தச்சது இதை? கழுதை கடிச்ச மாதிரி இருக்கு!" ஓடிப்போய்ப் பார்த்தால், என் மெத்தையை முழுக்கப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடையில் இருந்ததிலேயே நல்ல பஞ்சாக எடுத்து, கையாலேயே பிய்த்துப் பிய்த்து, ஒரு கட்டி இல்லாமல் அடைத்துத் தைத்தார். மத்தியானம் வேன்காரர் ஒரு பக்கமும் இவர் ஒரு பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு போக, நான் பின்னாலேயே போனேன். மூன்று பேருமாக அந்தம்மாவைத் தூக்கி அதில் கிடத்தினோம். அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றார். அவ்வளவுதான். இவர் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எத்தனையோ கூட்டத்துல எத்தனையோ ஸ்தோத்திரம் கேட்டிருக்கேன். இப்பிடி ஒண்ணு கேட்டதில்ல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளத் துண்டு இல்லாமல் என் முந்தானையைக் கேட்டார்.

ஆகையால் நீங்கள் வர வேண்டாம். இவரைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் கிழித்துவிடத்தான் நினைத்தேன். நாலு பக்கம், மனசு வரவில்லை. வாசிக்காதது போல இருந்துகொள்ளுங்கள். உங்கள் கட்டிலின் நீள அகலத்தை உடனே அனுப்பச் சொல்கிறார். வேண்டாம் என்று நீங்கள் எழுதுவீர்கள், தெரியும். ஆகவே அண்ணியை அளந்து எழுதச் சொல்லுங்கள்.