கட்டில் பக்கத்தில் நின்று என்னைப் பற்றிப் பேசுகிறார்கள்

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். ஐயாவின் இருமல் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் எழுதுவது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து, இடது கையில் மாவுக்கட்டோடு. பதறாதீர்கள். உங்கள் மகளை நீங்கள் கொஞ்சம் கண்டிக்க வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பதினோரு வருஷமாக நர்ஸாக இருக்கும் நம் பெண்ணை வார்டு இன்சார்ஜ் ஆக்கப்போவதாகச் சொல்லி ஆறு வாரம் தலைமைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கடைசி நாள், வார்டில் எதை மாற்றலாம் என்று பெரிய டாக்டர் முன்னால் பேச வேண்டும். அவளிடம் விஷயம் இருந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகு ஷிப்ட் மாறும்போது நர்ஸுகள் திரையைப் பார்த்தே அடுத்து வருபவர்களிடம் நோயாளிகளின் விவரத்தை ஒப்படைத்துவிட்டுப் போகிறார்களாம். அப்படித்தான் ஒரு தையல்காரர், ஸ்கேன் முடிந்ததை யாரும் திரையில் பதியாததால், முடிந்த பிறகும் ஸ்கேனுக்காக இரண்டு வேளை பட்டினி கிடந்திருக்கிறார். இனி கட்டில் பக்கத்தில் நின்று, நோயாளியின் காதில் விழும்படி ஒப்படைக்க வேண்டும் என்பது அவள் யோசனை. சொல்லத்தான் பயம். வீட்டிலேயே ஒத்திகை பார்த்தாள். பையன் கப்பல் வேலையில் இருப்பதால் பெரிய டாக்டராக நடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. "குறுக்க குறுக்க பேசுங்க மாமா, அவர் அப்படித்தான்" என்றாள். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவனிடம் இப்படிச் சொல்லலாமா? மூன்றாம் நாள் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, "இன்சார்ஜ் வேலையே வேணாம் மாமா, ஊசி போட்டோமா வந்தோமான்னு இருந்துடறேன்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். இன்னும் ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினேன். வழக்கம்போல் குறுக்கே பாய்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "முடிச்சிடறேன் சார், அப்புறம் கேளுங்க" என்றாள். நான் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரி வரை கேட்டேன்.

பெரிய டாக்டர் முன்னால் பேசும் நாளில் என்னை வரவேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தாள். மனசு கேட்குமா? பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே பெரிய டாக்டர், "இதுக்கெல்லாம் நேரம் எங்க சிஸ்டர் இருக்கு?" என்றார். அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். "முடிச்சிடறேன் சார், அப்புறம் கேளுங்க. கட்டிலுக்கு ஒரு நிமிஷம் போதும். ரெண்டு வேளை பட்டினி கிடந்தவர்கிட்ட நேரம் இல்லன்னு நான் எப்படிச் சொல்றது?" அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க வார்டுலயே ஆரம்பிங்க" என்றார். நான் நாற்காலிமேல் ஏறிக் கை தட்டினேன். அது மடக்கு நாற்காலி.

இப்போது அவள் வார்டிலேயே நான் நாலாம் கட்டில். ஒரு நாளைக்கு மூன்று தடவை, என் காதுபடவே, "மணிக்கட்டு முறிவு. பிரஷர் மாத்திரையத் தலையணைக்கு அடியில ஒளிச்சு வைப்பார். நடக்கச் சொன்னா தூங்கற மாதிரி நடிப்பார்" என்று ஒப்படைக்கிறார்கள். அடுத்த கட்டில் எலக்ட்ரீஷியன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். மாமனார் என்று ஒரு மரியாதை வேண்டாமா? வார்டு இன்சார்ஜிடம் புகார் செய்யலாம் என்றால் வார்டு இன்சார்ஜே அவள்தான். ஆகவே இதை உடனே நிறுத்தச் சொல்லி நீங்கள் அவளுக்கு எழுத வேண்டும்.

பெரியவர்களுக்கு என் ஒற்றைக் கை வணக்கம். பிள்ளைகள் நூறு வயது நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமனார்

பி.கு.: அவளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். இன்று மதியம் ஒரு புது நர்ஸ் அவசரத்தில் என் கட்டிலைத் தாண்டிப் போய்விட்டாள். "ஏம்மா, என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லாமப் போறியே" என்று நானே கூப்பிட்டுவிட்டேன். திரும்பி வந்து எல்லாம் சொன்னவள், கடைசியில், "இவர் நம்ம இன்சார்ஜ் சிஸ்டரோட அப்பா" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். "அவங்கதான் சொன்னாங்க" என்றாள். அவளைப் பெற்ற ஐயா மன்னிக்க வேண்டும், நான் திருத்தவில்லை.